கப்பல் பட்டியலைப் பார்க்கும் உரிமை யாருக்கு?

கப்பல் கரை சேருமுன் ஒரு காகிதம் கரை சேருகிறது. அதற்குச் சரக்குப் பட்டியல் என்று பெயர். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் "மானிபெஸ்ட்" என்பார்கள். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகத்திலிருந்து வருகிறது, அதில் எத்தனை பெட்டி, எத்தனை மூட்டை, ஒவ்வொன்றிலும் என்ன சரக்கு, என்ன எடை, அனுப்பியவர் யார், பெறுகிறவர் யார் என்று வரிசையாக எழுதிய பட்டியல் அது.

"கப்பல் கம்பெனிக்கும் சுங்க இலாகாவுக்கும் உள்ள கணக்கு வழக்கு நமக்கு எதற்கு?" என்று பஞ்சாலைத் தோழரும் வயலில் நிற்கும் தோழரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மில்லில் நீங்கள் பிரிக்கும் வெளிநாட்டுப் பஞ்சுப் பேல் கப்பலில் வந்தது. வயலில் நீங்கள் வீசும் பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுவதும் கப்பலில் வந்தது. ரேஷன் கடையில் வாங்கும் பாமாயில் கப்பலில் வந்தது. இவற்றையெல்லாம் இறக்கியவன் உங்களைப் போல் கூலிக்கு உழைக்கும் ஒரு தொழிலாளி. தான் இறக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. சுங்க இலாகாவுக்குத் தெரிகிறது, கப்பல் கம்பெனிக்குத் தெரிகிறது, சரக்கு முதலாளிக்குத் தெரிகிறது. தொட்டுத் தூக்குகிறவனுக்கு மட்டும் தெரியவில்லை. இதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

சட்டம் எதைக் காக்கிறது?

வெள்ளைக்காரன் ஆட்சியில் 1878-ல் கடல் சுங்கச் சட்டம் வந்தது. சுதந்திரம் பெற்ற பிறகு அதன் இடத்தில் 1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டம் வந்தது. இதன் 30-வது பிரிவுப்படி, கப்பல் வந்து சேருமுன்பே அதன் சரக்குப் பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் கொடுத்தாக வேண்டும். தகுந்த காரணமில்லாமல் தாமதித்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். 32-வது பிரிவுப்படி, பட்டியலில் இருக்க வேண்டிய சரக்கு அதில் இல்லாவிட்டால், அதிகாரியின் அனுமதியின்றி அதை இறக்கக் கூடாது. ஏற்றுமதிக் கப்பலுக்கு 41-வது பிரிவு. புறப்படுமுன் அதற்கும் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். இறக்க வேண்டிய சரக்கு குறைந்து, அதற்குச் சரியான கணக்குக் காட்ட முடியாவிட்டால், 116-வது பிரிவுப்படி அந்தச் சரக்கின் தீர்வையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம்.

2018-ல் புது விதிகள் எழுதினார்கள். கப்பல் முந்தின துறைமுகத்தை விட்டுக் கிளம்புமுன்பே பட்டியலைக் கம்ப்யூட்டர் மூலம் அனுப்பிவிட வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

எவ்வளவு கறாரான ஏற்பாடு பாருங்கள்! ஒரு மூட்டை குறைந்தால் கேட்க ஆள் இருக்கிறது. ஒரு பேல் அதிகமானால் கேட்க ஆள் இருக்கிறது. தீர்வைப் பணம் சர்க்கார் கஜானாவுக்கு வந்து சேர வேண்டும் என்பதில் தவறில்லை. அது மக்கள் பணம். கள்ளக் கடத்தலைத் தடுக்க வேண்டும் என்பதிலும் தவறில்லை. ஆனால் இத்தனை பிரிவுகளிலும், பெட்டியைத் தொடுகிற தொழிலாளிக்குப் பட்டியலைக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி உண்டா? இல்லை. மூட்டை காணாமல் போனால் கேட்கும் சட்டம், மூட்டை தூக்கியவன் காணாமல் போனால் கேட்பதில்லை.

"உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுகிறது"

கண்டெய்னர் வருவதற்கு முன்னால் துறைமுகத் தொழிலாளி சரக்கைக் கண்ணால் கண்டான். சாக்கைத் தொட்டான்; பீப்பாயை உருட்டினான்; கசிந்தால் மூக்கே சொல்லிவிடும். இன்று எல்லாம் இரும்புப் பெட்டி. பஞ்சும் அதில்தான், பட்டாசு மருந்தும் அதில்தான், பூச்சி மருந்தும் அதில்தான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கின்றன.

பெட்டியை அனுப்புகிற முதலாளியே தன் கிடங்கில் சரக்கை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார். கப்பல் கம்பெனி அதைத் திறந்து பார்ப்பதில்லை. அதனால் அது கொடுக்கும் கப்பல் ரசீதில், சரக்கின் பெயருக்கு முன்னால், "உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுகிறது" என்று பொருள்படும் ஒரு வாசகத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அடைத்ததும் எண்ணியதும் அனுப்பியவரே என்றும் சேர்த்து எழுதிக்கொள்கிறது. நாளைக்குச் சரக்கு வேறாக இருந்தால் தன் மேல் பழி வராமலிருக்க இது அரண். சுங்க இலாகாவுக்குப் போகும் பட்டியலும் இதே வாக்குமூலத்தின் மேல்தான் எழுதப்படுகிறது.

ஆக, கம்பெனிக்கு ஒரு வாசகம் பாதுகாப்பு. தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு? வடசென்னைப் பக்கம் பெட்டி திறந்து சரக்கு இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் சிலரிடம் இதைக் கேட்டேன். "உள்ளே என்ன என்று மேஸ்திரி சொல்வார். அவருக்கும் தெரியாவிட்டால் கதவைத் திறந்ததும் எங்களுக்கே தெரிந்துவிடும்" என்றார் ஒருவர். கதவைத் திறந்த பிறகு தெரிவதில் என்ன பிரயோசனம்?

நெல் கிடங்கில் வண்டுக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை விவசாயத் தோழர்கள் அறிவார்கள். அதன் வாயு மனிதனையும் கொல்லும். தானியமும் மரமும் வரும் கண்டெய்னர்களிலும் இப்படிப்பட்ட விஷ வாயு மருந்துகளைப் போடுகிறார்கள். பெட்டியின் கதவில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்பது விதி. ஒட்டாமல் விட்டாலோ, ஒட்டியது கிழிந்து போனாலோ, முதலில் உள்ளே கால் வைப்பவனின் நுரையீரல்தான் பரிசோதனைக் கருவி.

எடை விஷயத்திலும் இதே கதை நடந்தது. 2007-ல் ஐரோப்பாவில், இங்கிலீஷ் கால்வாயில் எம்.எஸ்.சி. நாப்போலி என்ற கப்பல் உடைந்தது. அதிலிருந்து மீட்ட பெட்டிகளை நிறுத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு பெட்டியின் எடை காகிதத்தில் சொன்னதற்கு 3 டன்னுக்கு மேல் வித்தியாசமாக இருந்தது. பல வருஷ விவாதத்துக்குப் பிறகு, 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று சர்வதேச விதி வந்தது. எடையைப் பற்றிச் சொன்ன பொய்யை உலகம் ஒப்புக்கொண்டு விதி போட்டது. உள்ளே இருக்கும் பொருளைப் பற்றிச் சொல்லும் பொய்க்கு அப்படி ஒரு முட்டுக்கட்டை இன்னும் இல்லை.

பம்பாயும் பெய்ரூட்டும் மணலியும்

தெரியாமல் சாவது என்றால் என்ன என்பதற்குச் சரித்திரம் சாட்சி சொல்கிறது.

1944 ஏப்ரல் 14. யுத்த காலம். பம்பாய் விக்டோரியா டாக்கில் போர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் நின்றது. அதன் வயிற்றில் ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்து. அதோடு கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பேல்கள். பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் அடுக்கலாமா என்று பஞ்சாலைத் தோழர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்குப் பஞ்சுத் தீ எப்படிப்பட்டது என்று தெரியும். கப்பல் அதிகாரிகளுக்குச் சரக்கு என்ன என்று தெரியும். ஆனால் அபாயச் சரக்கு இருப்பதைக் காட்டும் சிவப்புக் கொடி அந்தக் கப்பலில் ஏற்றப்படவில்லை. பஞ்சில் தீப்பிடித்தது. கப்பல் வெடித்தது. 800 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் 66 பேர் தீயை அணைக்கப் போன தீயணைப்புப் படையினர். இன்றும் ஏப்ரல் 14-ஐ நாடு தீயணைப்புச் சேவை நாளாக நினைவுகூர்கிறது.

அடுத்தது பெய்ரூட். லெபனான் நாட்டின் அந்தத் துறைமுகத்துக்கு 2013 நவம்பரில் ரோசஸ் என்ற கப்பல் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டுடன் வந்தது. இது உரமாகவும் பயன்படும், வெடிமருந்தாகவும் பயன்படும். கப்பல் பழுது என்று தடுக்கப்பட்டது, முதலாளி கைகழுவினார், சரக்கு 12-ம் நம்பர் கிடங்கில் அடைக்கப்பட்டது. அங்கே இருப்பது என்ன என்று சுங்க அதிகாரிகளுக்குத் தெரியும். அதை அகற்ற உத்தரவு கேட்டுக் கோர்ட்டுக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார்கள். காகிதம் காகிதத்தோடு பேசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குடியிருந்த ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னவரில்லை. 2020 ஆகஸ்ட் 4-ல் அது வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் தீயணைக்க அனுப்பப்பட்ட 10 பேரும் மாண்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

"அது எங்கோ லெபனானில்" என்று இருந்துவிட முடியுமா? முடியாது. பெய்ரூட் வெடித்த பிறகுதான் சென்னை ஜனங்களுக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. சுங்க இலாகா 2015-ல் கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 கண்டெய்னர்களில், மணலியில் ஒரு கிடங்கில் அத்தனை வருஷமாக இருந்தது. உர ரகம் என்று சொல்லி இறக்குமதி செய்த சரக்கு உண்மையில் வெடிமருந்து ரகம் என்பது சுங்க இலாகாவின் குற்றச்சாட்டு. பெய்ரூட்டின் புகை அடங்குமுன் அந்தப் பெட்டிகள் அவசர அவசரமாக ஹைதராபாதுக்கு அனுப்பப்பட்டன. பெய்ரூட் வெடிக்காமல் இருந்திருந்தால், பக்கத்துத் தெருவில் குடியிருந்த தொழிலாளிக்கு இது தெரிய வந்திருக்குமா?

கொச்சிக் கடலில் நடந்தது

2025 மே 25. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற லைபீரியக் கொடிக் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். கப்பலில் இருந்தவை 640 கண்டெய்னர்கள். அவற்றில் 13-ல் அபாயச் சரக்கு, அதிலும் 12-ல் கால்சியம் கார்பைடு என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். மாம்பழம் பழுக்க வைக்கக் கள்ளத்தனமாக வைக்கிறார்களே, அந்தக் கார்பைடு கல்தான். தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் வாயுவைக் கக்கும். கடலுக்குள் விழுந்தால் கேட்க வேண்டுமா?

மற்றப் பெட்டிகளில் என்ன? மீனவர்கள் கேட்டார்கள். கரையில் இருந்தவர்கள் கேட்டார்கள். சரக்கின் விவரத்தைப் பொதுமக்கள் அறிய வெளியிடும்படி கேரள ஹைக்கோர்ட் சொன்னது. ஜூன் மாதத் தொடக்கத்தில்தான் முழுப் பட்டியல் வெளியே வந்தது. அதற்குள் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணை திருவனந்தபுரம் கரையிலும் நம் கன்னியாகுமரி கரையிலும் ஒதுங்கிவிட்டது. பிளாஸ்டிக் சாமான் செய்யும் கச்சாப் பொருள் அது. கவனியுங்கள்: இந்தக் குருணை "அபாயச் சரக்கு" என்ற கணக்கில் வருவதே இல்லை! அந்த 13 பெட்டிகளின் விவரத்தை மட்டும் தெரிந்துகொண்ட மீனவனுக்கு, தன் கடற்கரையைக் கெடுக்கப் போவது இன்னொரு பெட்டி என்று தெரிய வழியில்லை.

கப்பல் மூழ்கிய இடத்தைச் சுற்றி மீன் பிடிக்கத் தடை. மீனவக் குடும்பத்துக்குக் கேரள அரசு 1,000 ரூபாயும் அரிசியும் கொடுத்தது. 9,531 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கேட்டுக் கப்பல் முதலாளிகள் மீது ஹைக்கோர்ட்டில் வழக்கும் போட்டது. வழக்கு நடக்கட்டும். ஆனால் முதல் நாளே முழுப் பட்டியலும் கரை ஜனங்களின் கையில் இருந்திருந்தால், எந்தப் பெட்டியைத் தொடக் கூடாது, எதைப் பொறுக்கக் கூடாது, எந்தக் கரையில் வலை விரிக்கக் கூடாது என்று அவர்களே முடிவு செய்திருப்பார்கள்.

வெளியிட்டால் ஜெயில்!

இனி, பலருக்குத் தெரியாத ஒரு பிரிவைச் சொல்கிறேன். 2022-ல் சுங்கச் சட்டத்தில் 135-ஏ.ஏ. என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கின் மதிப்பு, ரகம், அளவு, அனுப்பியவர் பெறுகிறவர் விவரம் என்று இந்தச் சட்டப்படி கொடுக்கப்பட்ட தகவலை எவராவது வெளியிட்டால், 6 மாதம் வரை ஜெயில், அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேறு சட்டம் ஏதாவது வெளியிடச் சொன்னால் விலக்கு உண்டு.

முன்னே சொன்னதை நினைவு வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலைத் தாமதமாகக் கொடுத்த கப்பலுக்கு 50,000 ரூபாய் வரை அபராதம், அதோடு சரி. அதில் உள்ள சரக்கு விவரத்தை ஊருக்குச் சொன்னவனுக்கு 50,000 ரூபாயும் ஜெயிலும். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது?

"வியாபார ரகசியம், போட்டிக்காரனுக்குத் தெரிந்துவிடும்" என்கிறார்கள். முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே கப்பல் சரக்குப் பட்டியலின் விவரங்களைப் பத்திரிகைகள் பெற்று வெளியிடச் சட்டம் இடம் கொடுக்கிறது. தன் பெயரை மறைக்க வேண்டும் என்கிற கம்பெனி தனியாக மனுக் கொடுத்துக்கொள்ளலாம். அதனால் அந்த நாட்டு வியாபாரம் படுத்துவிட்டதா? மேலும், நாம் கேட்பது விலையை அல்ல. யாருக்கு என்ன லாபம் என்பதை அல்ல. பெட்டிக்குள் இருப்பது எரியுமா, வெடிக்குமா, விஷமா என்பதைத்தான் கேட்கிறோம்.

"அபாயச் சரக்கின் பெட்டியில் நான்கு பக்கமும் எச்சரிக்கைச் சின்னம் ஒட்டியிருக்கிறதே" என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அனுப்பியவர் உண்மையைச் சொன்னால்தான் சின்னம் ஒட்டப்படும். காகிதத்தில் பொய் எழுதினால் பெட்டியிலும் சின்னம் இருக்காது. ஆகவே பட்டியலில் எழுதும் பொய் தீர்வையை ஏய்ப்பது மட்டுமல்ல. தொழிலாளியின் கண்ணைக் கட்டுவதும் ஆகும்.

"தொழிலாளிக்குக் காட்டினால் புரியுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. பூச்சி மருந்து டின்னில் சாய்சதுரத்தின் கீழ்ப் பாதி சிவப்பாக இருந்தால் கொடிய விஷம் என்று எழுதப் படிக்கத் தெரியாத விவசாயத் தொழிலாளிக்கும் தெரியும். அபாயச் சரக்குகளை உலகம் முழுவதும் 9 வகுப்பாகத்தான் பிரித்திருக்கிறார்கள். நூலின் நம்பரைக் கையால் தடவிச் சொல்லும் தொழிலாளி வர்க்கத்துக்கு ஒன்பது வகுப்பைக் கற்றுக்கொள்வது மலையைத் தூக்கும் வேலையல்ல.

இதற்கு முன் வென்றிருக்கிறோம்

இது ஆகாத காரியமும் அல்ல. 1929-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் ஒரு ஒப்பந்தம் நிறைவேறியது. கப்பலில் ஏற்றும் சுமை 1 டன்னோ அதற்கு மேலோ இருந்தால், அதன் எடையை வெளியே தெளிவாக, அழியாதபடி குறிக்க வேண்டும் என்பது அதன் ஷரத்து. இந்தியா 1931-ல் அதை ஏற்றது. எடை ஏற்கெனவே காகிதத்தில் இருந்ததே, பின் எதற்கு வெளியே எழுத வேண்டும்? காகிதம் ஆபீசில் இருக்கும். கிரேன் சங்கிலியின் கீழே நிற்பவன் தொழிலாளி. அதற்காகத்தான்.

1984-ல் போபால் நடந்தது. அந்த ஆலையில் என்ன விஷம் இருந்தது என்று சுற்றிலும் குடியிருந்தவர்களுக்குத் தெரியாது. பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான ஆலையின் முதலாளி தன் ஆலையிலுள்ள ஆபத்தைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆலைக்குள் இருக்கும் விஷத்தைச் சொல்ல வேண்டும் என்றால், அதே விஷம் பெட்டிக்குள் ஏறிக் கடல் தாண்டி வரும்போது மட்டும் ஏன் ரகசியம்?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று: ஒவ்வொரு கப்பலின் பட்டியலிலும் உள்ள அபாயச் சரக்கு விவரத்தை, கப்பல் வருமுன்பே, துறைமுக வாசலிலும் கண்டெய்னர் கிடங்குகளிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

இரண்டு: பெட்டியைத் திறக்கும் தொழிலாளிக்கு, அவன் நிரந்தரத் தொழிலாளியானாலும் ஒப்பந்தக் கூலியானாலும், உள்ளே என்ன சரக்கு, என்ன விஷ வாயு போடப்பட்டது என்ற சீட்டை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாத பெட்டியைத் தொட மறுத்தால் கூலியை வெட்டக் கூடாது.

மூன்று: கடலில் விபத்து நடந்தால், அபாயச் சரக்கை மட்டுமல்ல, முழுப் பட்டியலையும் ஒரு நாளைக்குள் கரையோரப் பஞ்சாயத்துக்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் கொடுக்க வேண்டும்.

நான்கு: கைப்பற்றிய அபாயச் சரக்கு எங்கே, எவ்வளவு நாளாக இருக்கிறது என்று சுங்க இலாகா அந்த வட்டார மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

ஐந்து: 135-ஏ.ஏ. பிரிவில், உயிர்ப் பாதுகாப்புக்காக வெளியிடும் தகவல் குற்றமல்ல என்று தெளிவாக ஒரு வரி சேர்க்க வேண்டும். சரக்கின் பெயரைப் பொய்யாக எழுதியவரை, தீர்வை ஏய்த்த குற்றத்துக்காக மட்டுமல்ல, உயிருக்கு ஆபத்து விளைவித்த குற்றத்துக்காகவும் தண்டிக்க வேண்டும்.

இவை துறைமுகத் தொழிலாளியின் கோரிக்கைகள் மட்டுமல்ல. துறைமுகத்தில் திறக்காத பெட்டி லாரியேறி உங்கள் மில் கேட்டுக்கும், உங்கள் ஊர் உரக் கிடங்குக்கும் வந்து நிற்கிறது. அங்கே அதைத் திறப்பவர் நீங்கள்தான். ஆகவே மில் சங்கக் கூட்டத்திலும் கிராமசபையிலும் இந்த ஐந்தையும் எடுத்துப் பேசுங்கள். தீர்மானம் போட்டுக் கலெக்டருக்கும் உங்கள் எம்.பி.க்கும் அனுப்புங்கள். அடுத்த முறை உங்கள் வாசலில் ஒரு பெட்டி வந்து நிற்கும்போது, கதவைத் தொடுமுன் "இதற்குள் என்ன?" என்று கேளுங்கள். பதில் காகிதத்தில் எழுதியே இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள்.